காவல் நிற்பவனின் அச்சம்

அச்சம் அறவே நீங்கிய உள்ளத்திலிருந்து பிறக்கும் செயல் மட்டுமே தைரியம் என்னும் பெயருக்கு உரியதா, அல்லது அச்சம் உடலெங்கும் பரவி நிற்கும்போதே தன் கடமையில் பிறழாமல் ஒருவன் செய்து முடிக்கும் செயலுக்கும் அந்தப் பெயரைக் கொடுக்கலாமா என்பது தத்துவ விசாரத்தில் மிகப் பழைய கேள்வி. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வ சம்பத்துக்களைப் பகவான் வரிசைப்படுத்திச் சொல்லும்போது, சித்த சுத்திக்கும் ஞானத்துக்கும் தானத்துக்கும் முன்னதாக, முதன்முதலில் வைப்பது அபயத்தை. வள்ளுவரோ அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமலிருப்பதைப் பேதைமை என்று கூறி, அறிவுடையார் தொழிலில் அச்சத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். முன்னது ஞானியின் நிலையைக் குறித்தது, பின்னது உலக நடையைக் குறித்தது என்று இரண்டுக்கும் சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. ஞானி என்று வணங்கவும் முடியாத, வெறும் உலகியல் மனிதர் என்று தள்ளவும் முடியாத ஒருவருடைய விருத்தாந்தம் என் சித்தத்தைப் பற்றிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். கனடா தேசத்தில் பிறந்து, ஐஸ் ஹாக்கி ஆட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டு, அதிலும் கோல்கீப்பர் என்னும் மிகக் கடினமான ஸ்தானத்தில் நின்று, 1971இல் ஓய்வு பெற்ற கிளென் ஹால் என்பவரே அவர்.

சஸ்காட்சுவான் மாகாணத்து ஹம்போல்ட் என்னும் சிற்றூரில் 1931 அக்டோபர் 3 அன்று பிறந்த இவரை, 1955இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியார் தங்கள் நிரந்தர கோல்கீப்பராக அமர்த்திக்கொண்டனர். அவ்வாண்டு அந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்த அந்த அணி, அந்த வெற்றிக்குக் காரணமாயிருந்த டெர்ரி ஸாசுக் என்னும் மகா சமர்த்தரைப் பாஸ்டனுக்கு மாற்றிவிட்டே இந்த இளைஞருக்கு இடம் கொடுத்தது என்றால், இவர்மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை எத்தகையதென்று ஊகிக்கலாம். முதற்பருவத்திலேயே 12 ஆட்டங்களில் எதிரணியை ஒரு கோலும் போடவிடாமல் தடுத்து, அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர் பரிசையும் அவர் பெற்றார். ஆயினும் அவருடைய பெயர் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வேறு. அக்காலத்தில் தேசிய ஹாக்கி லீகில் ஆறே அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்துக்கு 70 ஆட்டங்கள் ஆடியது. மாற்று கோல்கீப்பரை உடையணிவித்துப் பக்கத்தில் உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அத்தகைய காலத்தில் ஏழு பருவங்கள் முழுமையாக, ஓர் ஆட்டமும் விடாமல், ஓர் ஆட்டத்தின் நடுவிலும் விலகாமல் நின்று 490 ஆட்டங்களையும், எட்டாம் பருவத்தில் மேலும் 12 ஆட்டங்களையும் ஆடி, தொடர்ந்து 502 ஆட்டங்கள் என்னும் கணக்கை அவர் நிறுவினார். இன்று அணிகள் இரண்டு பேரை மாற்றி மாற்றி நிறுத்துகின்றன. ஆகையால் அந்தக் கணக்கை இனி ஒருவர் எட்டுவது நடவாத காரியம்.

இந்த 502 ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால், உடைமாற்றும் அறையில், கால் கவசங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் வாந்தியெடுத்தார் என்பதே என் சிந்தனையைத் தூண்டிய செய்தி. சில நாட்களில் ஆட்டத்தின் இடைவேளைகளிலும் அவ்வாறே நேர்ந்தது. அணித் தோழர்கள் அதற்குப் பழகிப்போனார்கள். அவருக்கென்று ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. வியாதி ஒன்றுமில்லை, உணவுக் கோளாறும் இல்லை. ஆடப்போகிறோம் என்ற நினைவே குடலைப் பிசைந்து மேலே தள்ளியது. வாயைத் துடைத்துக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, பனித்தளத்தில் இறங்கிவிட்டால் மறுகணமே அக்காலத்தின் தலைசிறந்த கோல்கீப்பர் அங்கே நிற்பார். இந்த இரண்டு தோற்றங்களையும் ஒரே மனிதரிடத்தில் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

ஆட்டத்தின் அமைப்பைச் சற்று அறிந்தாலொழிய இக்கேள்வியின் கனம் விளங்காது. இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் உள்ள உறைபனித் தளத்தின் இரு கோடிகளிலும் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள வலைக்கூண்டு ஒன்று நிற்கிறது. ஒரு புறத்துக்கு ஐவர் அடியில் எஃகுத் தகடு பதித்த காலணிகளில் சறுக்கி ஓடி, மூன்றங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டைக் கழியால் அடித்து எதிரியின் கூண்டுக்குள் செலுத்த முயல்கின்றனர். வட்டு துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டுமென்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதைக் குளிரில் உறையவைத்துவிடுகிறார்கள். ஆகவே அது ரப்பராயிருந்தும் கல்லைப்போல் வருகிறது. அந்தக் கூண்டுக்கு முன்னால் நிற்பவர் கோல்கீப்பர். அக்காலத்து அவருடைய கால் கவசங்கள் தோலால் தைத்து, மான் மயிரும் இலவம்பஞ்சும் திணித்தவை. ஆட்டம் வளர வளரப் பனிநீரையும் வேர்வையையும் உறிஞ்சி அவை கனத்துப்போகும். ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் பகுதியில், உடல் தளர்ந்திருக்கும் நேரத்தில், கால்கள் மிகுந்த பாரத்தைச் சுமந்தாக வேண்டும். முகத்துக்கு ஒரு காப்பும் இல்லை. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் என்பவர் அடித்த வட்டு ஜாக் பிளான்ட் என்ற இன்னொரு கோல்கீப்பரின் மூக்கை உடைத்து, அவர் தையல் போட்டுக்கொண்டு, முகமூடி அணிந்தாலொழியத் திரும்ப இறங்கமாட்டேன் என்று பயிற்சியாளரிடம் பிடிவாதம் பிடித்த பிறகுதான் அந்த வழக்கம் மெல்லத் தலையெடுத்தது. ஹாலோ 1968 வரை வெறும் முகத்துடனேயே நின்றார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நின்றபடியே தடுப்பதுதான் கோல்கீப்பருக்கு இலக்கணம் என்று மூத்தோர் கற்பித்துவந்த காலத்தில், முழங்கால்களைச் சேர்த்துத் தளத்தில் ஊன்றி, பாதங்களை இருபுறமும் விரித்து, கூண்டின் கீழ்ப்பாகம் முழுவதையும் மறைத்துக்கொள்ளும் முறையை வளர்த்தவர்களுள் ஹால் முதன்மையானவர். இன்று உலகெங்கும் அந்த முறையே வழங்குகிறது. வட்டு கீழ்நோக்கி வரும்போது அது மிகச் சிறந்த தடை; ஆனால் அப்படி இறங்குபவருடைய முகம் வட்டு பறக்கும் உயரத்துக்கே வந்துவிடுகிறது. முகமூடியில்லாமல் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவரைக் காயத்துக்கு அஞ்சியவர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. பயிற்சியின்போதுகூட, சிக்காகோ அணியில் அவருடன் ஆடிய பாபி ஹல்லின் அசுர வேகத்து அடிகளுக்கு எதிரே அவர் நாள்தோறும் நிற்க வேண்டியிருந்தது. அவர் அஞ்சியது தன் உடலுக்கு வரும் ஊறுக்கன்று. தன் காவல் தவறிவிடுமோ, தன்னை நம்பி முன்னே ஓடும் ஐவரை ஏமாற்றிவிடுவோமோ என்பதற்கே.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயும்போது, மீமாம்சகர்கள் கர்மங்களைப் பிரித்துக் காட்டிய முறை எனக்கு மிகவும் உதவுகிறது. சுவர்க்கத்தையோ புத்திரனையோ மழையையோ வேண்டிச் செய்யப்படும் காமிய கர்மத்துக்குப் பலன் உண்டு; செய்யாமல் விட்டால் பலன் கிடைக்காது, அவ்வளவுதான், தோஷம் ஒன்றும் இல்லை. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அதைச் செய்வதனால் தனியே ஒரு பலன் வருவதில்லை என்று அவர்களுள் ஒரு சாரார் சொன்னார்கள். செய்யாமல் விட்டாலோ பிரத்தியவாயம் என்னும் தோஷம் வந்து சேரும். இந்தப் பாகுபாட்டை ஹாக்கித் தளத்தின்மேல் வைத்துப் பார்த்தால், முன்னே ஓடுகிறவர்கள் அனைவரும் காமிய கர்மத்தில் ஈடுபட்டவர்கள் என்பது தெரியவரும். பாபி ஹல் பத்து முறை அடித்து ஒன்பது முறை தவறினாலும் பத்தாவது கோலாகிவிட்டால் அரங்கம் எழுந்து நின்று ஆரவாரம் செய்யும். தவறிய ஒன்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. கோல்கீப்பரோ முப்பது அடிகளைத் தடுத்தாலும் ஆட்டக் கணக்குப் பலகையில் ஓர் எண்ணும் கூடுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால், அவருடைய முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். செய்ததற்குப் பலன் இல்லை, தவறியதற்குத் தோஷம் உண்டு என்னும் நித்திய கர்மத்தின் இலக்கணம் இவ்வளவு துல்லியமாக அமைந்த வேறொரு தொழிலை நான் அறியேன்.

அப்படியானால், பலனில் பற்றின்றிக் கர்மம் செய் என்ற உபதேசத்தை இத்தகைய மனிதர் எப்படிக் கைக்கொள்வது? விட்டுவிடுவதற்குப் பலன் என்ற ஒன்று அவர் கையில் முதலிலேயே இல்லை. வெற்றியில் ஆசை வைத்தவனிடம் ஆசையை விடு என்று சொல்லலாம். தோஷத்துக்கு அஞ்சி விழித்திருப்பவனிடம் அச்சத்தை விடு என்று சொன்னால், கூடவே விழிப்பையும் விட்டுவிடுவானோ என்ற சந்தேகம் எழுகிறது. ஆசையினால் செய்வதைவிட அச்சத்தினால் செய்வது தாழ்ந்தது என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆசை தன்னை நோக்கியது என்பதையும், காவல் நிற்பவனுடைய அச்சம் பிறரை நோக்கியது என்பதையும் கணக்கில் எடுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு தலைகீழாக மாறிவிடக்கூடும். ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் இரவெல்லாம் கண் விழிக்கும் தாயின் நெஞ்சம் பதைப்பதை எந்த சாஸ்திரமும் குறையென்று சொல்லத் துணியாது. ஹாலின் குடல் புரண்டதும் அதே வகையைச் சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

மீமாம்சகர்களின் இந்தக் கொள்கைக்கு சங்கரர் கூறிய மறுப்பு ஒன்று உண்டு. செய்யாமை என்பது ஓர் இன்மை. இன்மையிலிருந்து தோஷம் என்னும் ஓர் உண்மைப் பொருள் எப்படிப் பிறக்கும், அபாவத்திலிருந்து பாவம் தோன்றாதே என்று அவர் வாதித்தார். இதைத் தளத்தில் நிறுத்திப் பார்த்தால் மகத்தான ஆறுதல் ஒன்று பிறக்கிறது. வட்டு கூண்டுக்குள் சென்றதற்குக் காரணம் அடித்தவனுடைய கழியே அல்லாமல், தடுக்காதவருடைய தடுக்காமை அன்று. அதற்கு முன்பு அது ஐந்து பேரைக் கடந்து வந்திருக்கிறது. எங்கோ நடுத்தளத்தில் ஒருவர் தோற்றிருக்கிறார், ஒருவர் தம் ஆளைக் கவனியாமல் விட்டிருக்கிறார். ஆயினும் அத்தனை தவறுகளும் மறைந்து, கடைசியில் நின்றவரின் பெயரில் அந்த கோல் எழுதப்படுகிறது. கோல்கீப்பரின் தரத்தை அளப்பதற்கு அந்த லீகார் கைக்கொண்ட அளவுகோலே ஓர் ஆட்டத்துக்கு அவர் விட்ட கோல்களின் சராசரிதான். ஹாலுக்கு அது வாழ்நாள் முழுவதற்கும் 2.49. சங்கரருடைய தர்க்கத்தை ஏற்றுக்கொண்டவர் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். ஹாலால் அது இயலவில்லை. அவர் சங்கரரை வாசித்திராததால் இயலவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வாசித்தவர்களுக்கும் அது எளிதில் இயல்வதில்லை.

இவ்விடத்தில் அருச்சுனனுடைய நினைவு வராமலிராது. குருக்ஷேத்திரத்தில் அவனுக்கு நேர்ந்ததும் முதலில் உடலில்தான் நேர்ந்தது. அங்கங்கள் சோர்ந்தன, வாய் உலர்ந்தது, மயிர் சிலிர்த்தது, காண்டீவம் கையிலிருந்து நழுவியது, தோல் எரிந்தது, நிற்க முடியவில்லை. அதன் பிறகே அவன் நியாயங்களைத் தேடி எடுத்தான். பிச்சையெடுத்து உண்பதே மேல் என்ற முடிவுக்கும் வந்தான். ஹாலும் ஒவ்வோராண்டும் அந்த முடிவுக்கு வந்தவர்தாம். ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டனுக்கு அருகே ஸ்டோனி பிளெயின் என்ற ஊரில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. இலையுதிர் காலம் வந்து, பயிற்சி முகாமுக்கு வரும்படி அணியிடமிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், பண்ணையிலுள்ள களஞ்சியத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன், அது முடிந்தபாடில்லை என்று அவர் பதில் சொல்லித் தாமதம் செய்வார் என்ற கதை அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1966இல் ஓய்வு பெறுவதாகவே அறிவித்துவிட்டுப் பிறகு திரும்பி வந்தார். நிவிருத்தியின்மேல் இவ்வளவு தாகம் கொண்ட ஒருவர் பிரவிருத்தியில் இவ்வளவு காலம் நின்றது எதனால்? சம்பளமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பஸ்தருக்கு அதுவும் தர்மமே. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் நிற்பவருக்குக் குடல் புரளாது.

அருச்சுனனுக்கு உபதேசம் கிடைத்தது; மோகம் அழிந்தது, நினைவு திரும்பியது என்று அவனே பதினெட்டாம் அத்தியாயத்தில் கூறுகிறான். அதோடு அவன் நடுக்கம் என்றென்றைக்கும் தீர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மகாபாரதமோ அவ்வளவு எளிதாக நம்மை விட்டுவிடவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, அசுவமேத பர்வத்தில், அன்று நீர் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, மறுபடியும் சொல்ல வேண்டும் என்று அதே அருச்சுனன் கண்ணனிடம் கேட்கிறான். கண்ணன் கடிந்துகொண்டு, அன்று யோகத்தில் நின்று சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லத் தன்னாலும் ஆகாது என்கிறான். பிறகு வேறொரு விதமாகச் சொல்லியதே அனுகீதை. சாட்சாத் பகவானிடமே நேரில் கேட்டவனுக்கும் அது ஒரு முறை பெற்று ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளும் சொத்தாகவில்லை என்பதை வியாசர் மறைக்காமல் எழுதிவைத்தது என் மனத்துக்கு மிகவும் உகந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஹால் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

யவன தேசத்து ஸ்டோயிக் தத்துவஞானிகளும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். அவுலுஸ் கெல்லியுஸ் என்னும் ரோமானிய ஆசிரியர் தாம் செய்த கடற்பயணம் ஒன்றை விவரிக்கிறார். கப்பல் கடும்புயலில் அகப்பட்டு எல்லோரும் ஓலமிடுகையில், உடன் வந்த ஸ்டோயிக் ஆசாரியர் ஒருவரின் முகமும் வெளுத்துப்போனதை அவர் கவனித்தார். புயல் ஓய்ந்த பின், அச்சத்தை வென்றவர் என்று சொல்லிக்கொள்ளும் நீர் ஏன் வெளுத்தீர் என்று கேட்டபோது, அந்த ஆசாரியர் எபிக்டெடஸின் நூலொன்றை எடுத்துக் காட்டினாராம். திடீரென்று தாக்கும் தோற்றங்கள் ஞானியின் உடலையும் ஒரு கணம் அசைக்கும். முகம் வெளுப்பது அவன் வசத்தில் இல்லை. இது உண்மையிலேயே பெருந்தீங்கு என்று அந்தத் தோற்றத்துக்குத் தன் சம்மதத்தைக் கொடுப்பதும் கொடாமலிருப்பதுமே அவன் வசத்தில் உள்ளது என்பது அதன் சாரம். வேதாந்திகளும் இதற்கு மிக அருகில் வருகிறார்கள். கயிற்றைப் பாம்பென்று மயங்கியவன் அது கயிறே என்று தெளிந்த பிறகும் அவனுடைய நடுக்கம் அக்கணமே நின்றுவிடுவதில்லை, மெல்ல மெல்லவே அடங்குகிறது என்று கூறி, ஞானம் வந்த பின்னும் பிராரப்தத்தால் உடல் தன் போக்கில் சிறிது காலம் நடந்துகொண்டிருக்கும் என்பதை அவர்கள் விளக்கினார்கள். வெளுத்த முகத்தைக் கொண்டு ஒருவரை அளக்காதே என்பதில் இரு தேசத்து அறிஞர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அளக்க வேண்டிய இடம் வேறு. அதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். எதிரணியின் ஒருவன் நீலக் கோட்டருகில் வட்டைப் பெறுகிறான். அவனுக்கும் கூண்டுக்கும் இடையே, தம்முடையவரும் எதிரியுமாக நாலைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு கோல்கீப்பரின் பார்வையை மறைத்து நிற்கிறார்கள். அவர் முழங்காலை மடித்துத் தாழக் குனிந்து, அவர்களுடைய கால்களுக்கிடையே தெரியும் ஓர் இடைவெளியில் வட்டைத் தேடுகிறார். அடித்த ஓசை கேட்கிறது, வட்டு தெரியவில்லை. முழங்கால்கள் சேர்ந்து தளத்தில் படிகின்றன, பாதங்கள் விரிகின்றன, கழி பனியோடு பனியாகக் கிடக்கிறது. வழியில் எவனுடைய கழியிலோ உராய்ந்து திசை மாறிய வட்டு கவசத்தில் பட்டுத் தெறிக்கிறது. தெறித்தது எங்கே விழ வேண்டும் என்பதும் அவருடைய பொறுப்பே. கால் முனையை ஒரு விரற்கடை திருப்பி அதை மூலைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, விழுந்த வேகத்திலேயே எழுந்து, மறுபடியும் பழைய நிலையில் நிற்கிறார். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஹாலிடம் அச்சம் இருந்ததா என்று கேட்டால், அச்சத்துக்கு மட்டுமல்ல, ஹால் என்ற அகங்காரத்துக்கே அங்கே இடமிருந்திராது என்று சொல்லத் தோன்றுகிறது. கீதை வர்ணிக்கும் ஸ்திதப்பிரக்ஞனை ஒரு மனிதரின் நிரந்தர ஸ்வபாவமாகவே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நடப்பது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றிலும் அவன் அசைவற்றவன். செயலின் கணத்தில் மட்டும் அந்த அசைவின்மையை எய்தி, செயலுக்கு முன்னும் பின்னும் சாதாரண மனிதராகத் துடித்தவரை எந்த வகுப்பில் வைப்பது என்பதற்கு நூல்களில் எனக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. தாழ்ந்த வகுப்பில் வைக்க என் மனம் ஒப்பவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இதற்காக அவருடைய நிலையை முழுவதும் போற்றிவிடவும் முடியாது. ஆட்டத்துக்கு முன் வாந்தியெடுத்த நாட்களில்தான் தாம் நன்றாக ஆடுவதாகவும், எடுக்காத நாளில் தம்மைச் சரிவரத் தயார்செய்துகொள்ளவில்லை என்று தோன்றுவதாகவும் அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். துன்பம் வந்தபோது அதைத் தாங்குவது ஒன்று. துன்பமே தகுதிக்குச் சான்று என்று எண்ணத் தொடங்குவது வேறொன்று. உடலை வருத்துவதையே தவமென்று கொள்வோரைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கடுமையாகக் கண்டிக்கிறது. ஹால் அந்த எல்லையைத் தாண்டினார் என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கு மிக அருகில் நின்றார் என்பது தெளிவு. மேலும், இந்தத் துன்பத்தினால் ஆதாயம் அடைந்தவர்கள் வேறு சிலர் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. மாற்று ஆளை வைத்துக்கொள்ளாமல் ஒருவரையே வேலை வாங்கியதில் அணி உரிமையாளர்களுக்குச் செலவு மிச்சம். 1957இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்ஸே ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்க முற்பட்டபோது, அவரையும் அவருக்கு நண்பராயிருந்த ஹாலையும் சேர்த்து, பல ஆண்டுகளாகக் கடைசி இடத்தில் கிடந்த சிக்காகோ அணிக்கு டெட்ராய்ட் நிர்வாகம் மாற்றிவிட்டது. ஸ்வதர்மம் என்ற உயர்ந்த சொல்லைப் பிறருடைய சௌகரியத்துக்காக ஒருவர்மீது சுமத்துவது எந்தத் தேசத்திலும் புதிதன்று. ஒருவர் தம் கடமையைத் தாமே உணர்ந்து துன்பத்தை ஏற்பது வணங்கத்தக்கது. அதைக் காட்டி இன்னொருவரிடம் அதே துன்பத்தை எதிர்பார்ப்பது அநீதி. கடைசி இடத்து அணியோ நான்கே ஆண்டுகளில், 1961இல், ஸ்டான்லி கோப்பையை வென்றது.

502 என்ற அந்தக் கணக்கு முடிந்த விதமும் சிந்திக்கத்தக்கது. அதை முடித்தது அச்சமன்று. ஹல்லின் அடிகளைப் போன்ற எந்தப் பயங்கரமான அடியும் அன்று. கால் கவசத்தின் நுனிவாரைப் பூட்டக் குனிந்தபோது முதுகுத் தசை ஒன்று பிடித்துக்கொண்டது என்கிறார்கள். 1962 நவம்பர் 7 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த வலியோடு இறங்கி, குனிய முடியாமல், முதற்பகுதியிலேயே ஒரு கோலை விட்டுவிட்டு அவர் தாமாகவே வெளியேறினார். தம்மால் காக்க இயலாது என்று தெரிந்த கணத்தில் கணக்கைப் பொருட்படுத்தாமல் இடத்தை விட்டது, ஏழாண்டுகள் இடத்தை விடாமல் நின்றதற்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1967இல் லீகில் புதிய அணிகள் சேர்க்கப்பட்டபோது சிக்காகோ அவரைப் பாதுகாக்கப்பட்டவர் பட்டியலில் வைக்கவில்லை; செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டின் இறுதிப் போட்டியில் அந்தப் புதிய அணி பலம் மிகுந்த மான்ட்ரியலை எதிர்த்து நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் நான்கிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசம், அவற்றுள் இரண்டு கூடுதல் நேரம் வரை சென்றவை. கோப்பை மான்ட்ரியலுக்குப் போயிற்று. கோப்பைக்கான ஆட்டங்களில் மிகச் சிறந்தவருக்குரிய கான் ஸ்மைத் பரிசோ தோற்ற அணியிலிருந்த 36 வயது ஹாலுக்குக் கொடுக்கப்பட்டது. 1965இல் தொடங்கிய அந்தப் பரிசை 2024 வரையில் தோற்ற அணியிலிருந்து பெற்றவர்கள் ஆறு பேரே. அவர்களுள் நால்வர் கோல்கீப்பர்கள். வெற்றி தோல்வியைக் கொண்டே எல்லாவற்றையும் மதிக்கும் ஒரு வியாபார உலகம், இந்த ஒரு தொழிலைப் பார்க்கும்போது மட்டும் பலனை ஒதுக்கிவிட்டுச் செயலையே நேராக நோக்கும் தெளிவைப் பெற்றுவிடுகிறது. பலனும் செயலும் வேறு வேறு என்பதை வேதாந்த வகுப்பில் உட்காராதவர்களுக்கும் கோல்கீப்பர்கள் உணர்த்திவிடுகிறார்கள்.

1970 மே 10 அன்று பாஸ்டனில், இறுதிப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில், கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடிகளில் பாஸ்டன் அணியின் பாபி ஓர் என்பவர் அடித்த வட்டு ஹாலைக் கடந்து கூண்டுக்குள் சென்றது. அடித்த கையோடு இடறி, ஆகாயத்தில் கைவிரித்துப் பறக்கும் ஓரின் புகைப்படம் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்றது. கூண்டருகே ஹாலும் அதில் இருக்கிறார். அவர் தடுத்த பல்லாயிரம் அடிகளுள் ஒன்றுக்கும் அத்தகைய படம் இல்லை. தடுக்காத ஒன்று உலகமெங்கும் சுவர்களில் மாட்டப்பட்டிருக்கிறது. பிரத்தியவாயத்துக்கு இதைவிடக் கண்கூடான வடிவம் கிடையாது. சங்கரருடைய கேள்வியை இங்கே எழுப்பிப் பார்க்கத்தான் வேண்டும்: அந்த கோலைப் போட்டது ஓரின் கழியா, ஹாலின் இன்மையா? படத்தைப் பார்க்கும் எவரும் ஓரின் கழி என்றே சொல்வார்கள். ஹால் என்ன சொல்லிக்கொண்டாரோ, அடுத்த இலையுதிர் காலத்தில் 39ஆம் வயதில் மறுபடியும் பண்ணையிலிருந்து புறப்பட்டு வந்து, அந்தப் பருவத்தில் இன்னும் 32 ஆட்டங்களுக்கு அதே கூண்டின்முன் நின்றார்.